கிணறு இறைத்த வீட்டில் கண்ணில்லா மீன் தேடி

சித்திரை விசு முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, காலை 5.10-க்குப் பாளையங்கோட்டையிலிருந்து காரைக் கிளப்பினோம். கன்னியாகுமரி மாவட்டம் என்றதுமே நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சூரிய உதயம் எத்தனை மணிக்கு, படகுக்கு வரிசை நீளமா, அருவியில் தண்ணீர் விழுகிறதா? மன்னித்துவிடுங்கள். இந்த முறை இதில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. மூன்று நாளும் ஒரு வீட்டுக் கிணற்றடியில் கிடந்துவிட்டு வந்தேன். ஆனால் இத்தனை வருஷமாகச் சுற்றியதில் இப்படி ஒரு பயணம் வாய்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

காரணம் என் மனைவி சாந்தா. கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது அவளுக்கு டிரைவர். பன்னிரண்டு வருஷமாக அவள் ஆராய்ந்து வருவது கிணற்று மீன்களை. வளர்ப்பதற்காக நாம் கிணற்றில் விடும் மீன் இல்லை. பாறைக்குள்ளே, வெளிச்சமே படாத நிலத்தடி நீரில், தானாக வாழும் மீன். விரல் நீளம்தான் இருக்கும். கண் கிடையாது. தோலில் நிறமும் கிடையாது, உள்ளே ஓடும் ரத்தம் தெரிவதால் சிவப்பாக இருக்கும். எப்போதாவது தவறிப்போய்க் கிணற்று வாளியில் ஏறிவிடும். கேரளத்தில் பல வீடுகளில் கிடைத்திருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சாந்தாவின் கைக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

“மீனுக்கு எல்லைச் சாவடி தெரியுமா? அந்தப் பக்கம் என்ன பாறையோ அதே பாறைதான் இந்தப் பக்கமும். இருக்கும்ங்க, இருந்தே ஆகணும்” என்பாள். மார்த்தாண்டம் பக்கம் எந்தக் கூட்டத்தில் பேசப் போனாலும் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வருவாள். அப்படிக் கொடுத்ததன் பலனாக மண்புழு, பூரான், தவளைக்குஞ்சு, ஒருமுறை வாளியில் விழுந்த சேமியா என்று எல்லாவற்றின் படமும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பங்குனி நடுவில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு மட்டும் சாந்தா கண்ணாடியைத் துடைத்தாள். திரும்பப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நீல வாளிக்குள் சிவப்பாக ஒரு கோடு. தலை எது வால் எது என்று எனக்குத் தெரியவில்லை.

அனுப்பியவர் தங்கம், அங்கன்வாடி ஆசிரியை. மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் உள்ள ஓர் ஊர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், காரணம் கடைசியில் இருக்கிறது. படம் எடுத்த கையோடு மீனைக் கிணற்றிலேயே விட்டுவிட்டாராம். சாந்தாவுக்கு மே மாதக் கடைசியில் ஓய்வு. அதற்குப் பிறகு ஆய்வகச் சாவி அவள் கையில் இருக்காது. வாங்க வேண்டிய அனுமதியை எல்லாம் மூன்றே வாரத்தில் அலைந்து வாங்கினாள். தங்கத்துக்குப் போன் போட்டு, “சனிக்கிழமை வாரோம்மா. கிணத்த ஒண்ணும் செய்ய வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும்” என்றாள். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காவல்கிணறு சந்திப்பில் வலது பக்கம் பிரிந்து, 6.25-க்கு ஆரல்வாய்மொழி. காற்றாலைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. ஆனி, ஆடியில் வந்தால் காற்று காரைப் பிடித்துத் தள்ளும், இப்போது கையை வெளியே நீட்டினால் சூடுதான் அடிக்கிறது. 6.50-க்கு நாகர்கோவில். புட்டு, பயறு, பப்படம், கூட இரண்டு ரசவடை, இரண்டு டீ, இரண்டு பேருக்கும் சேர்த்து 190 ரூபாய். புட்டுக்கு மட்டி வாழைப்பழம் பிசைந்து சாப்பிடுவது எப்படி என்று பக்கத்து மேசைக்காரர் எனக்குச் செய்தே காட்டினார். சாந்தா பாதிப் புட்டை அப்படியே வைத்துவிட்டாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி, அறுபது வயதில்.

நாகர்கோவில் தாண்டி மேற்கே போகப் போக மண் மாறுவதைக் கவனியுங்கள். வயலும் கரும்பாறையும் குறைந்து, தக்கலை தாண்டியதும் சாலையோர வெட்டுகளில் சிவப்பு தெரிய ஆரம்பிக்கும். வெட்டுக்கல் என்பார்கள். துளைத் துளையாக இருக்கும் சிவப்புக் கல், வீடு கட்ட அறுத்து எடுப்பார்கள். அந்தத் துளைகளில்தான் தண்ணீர் ஓடுகிறது, தண்ணீரில்தான் மீன் ஓடுகிறது. “கிணறு அதுக்கு வீடு இல்லங்க, ஜன்னல்” என்றாள் சாந்தா.

மார்த்தாண்டம் நெரிசலில் நாற்பது நிமிஷம் நின்றோம். மேம்பாலத்தில் ஏறாமல் கீழே போனது என் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த நாற்பது நிமிஷத்தில் கண் எப்படிப் போனது என்ற பாடத்தை மறுபடி கேட்டேன். மீன் முடிவெடுத்துக் கண்ணை மூடிக்கொள்வதில்லை. வெளிச்சத்தில் வாழும் மீன்களில், கண்ணை உண்டாக்கும் ஜீன் பழுதாகிப் பிறக்கும் குஞ்சை அன்றைக்கே எதுவாவது பிடித்துத் தின்றுவிடும், பழுதும் அதோடு போய்விடும். இருட்டில் அந்தக் குஞ்சுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லப்போனால் லாபம், கண்ணுக்குப் போகிற சத்து மிச்சம். அது வளர்ந்து முட்டை போடும், பழுது அடுத்த தலைமுறைக்குப் போகும். தோலாலும் மோப்பத்தாலும் கூடுதலாக உணர்கிறவை பிழைக்கும். தலைமுறை தலைமுறையாக இப்படியே போய், ஒரு காலத்தில் குலம் முழுக்கக் கண்ணில்லாமல், இருட்டுக்கு ஏற்றபடி ஆகிவிடுகிறது.

சாந்தாவின் கேள்வி அதற்கு அடுத்தது. இந்தக் கண் இழப்பு ஒரே ஒரு முறை ஏதோ ஒரு மூதாதைக்கு நடந்து, அதன் பிள்ளைகள் எல்லா நிலத்தடி நீருக்கும் பரவினவா? அல்லது ஒவ்வொரு தண்ணீரிலும் தனித்தனியாக நடந்ததா? கேரளத்து மீன்களில் ஒரு குறிப்பிட்ட ஜீன் எந்த இடத்தில் பழுதாகியிருக்கிறது என்று அவள் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். இந்தப் பக்கத்து மீன் ஒன்றில் அதே ஜீனைப் பார்க்க வேண்டும். வால் நுனியில் அரிசி முனை அளவு கிடைத்தால் போதும். மீனைக் கொல்லவே வேண்டாம்.

9.15-க்கு வீட்டு வாசலில் நின்றோம். எங்கள் மீட்டர்படி மொத்தம் 118 கிலோமீட்டர்.

தங்கத்தின் கணவர் சுயம்பு, களியக்காவிளையில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், வெள்ளை வேட்டியில் ஓடி வந்தார். “வாருங்க டீச்சரே, வாருங்க! சாரே, வண்டிய அந்த மாவு மூட்டுல போடுங்க, நெழலு உண்டு!” மாமரத்தடியில் நிறுத்தச் சொல்கிறார். நிறுத்திவிட்டு இறங்கினேன். முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. கிணற்றுச் சுவருக்குப் புதுசாய்ச் சுண்ணாம்பு. அதன் மேல் இரண்டு செம்பருத்திப் பூ.

சாந்தா இறங்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபடி அப்படியே இருந்தாள். அப்போதுதான் எனக்கும் மூக்கில் ஏறியது. பிளீச்சிங் பவுடர்.

“நேத்து நாலு ஆளு, டீச்சரே” என்றார் சுயம்பு, முகமெல்லாம் மலர்ந்து. “ரெண்டு மோட்டர் வச்சு வெள்ளத்த ஒட்ட இறைச்சு, தூரெல்லாம் வாரி, பாசிய சொரண்டி, ரெண்டு கிலோ பவுடரு போட்டாக்கும் வச்சிருக்கேன். பாருங்க, அடி தெரியும்!”

அந்தப் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்பார்கள். எட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே அடி தெரிந்தது. ஓர் உயிர் இல்லாத சுத்தம். என் வாயில் என்ன வந்தது என்பதை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, வாய்க்குள்ளேயே நின்றது.

“ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொன்னேனே” என்றாள் சாந்தா, மெல்ல.

தங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். “நான் பறஞ்சேன் டீச்சரே, நூறு தடவ பறஞ்சேன். டீச்சர் மீனப் பாக்கல்லா வாறாவ, கிணத்தப் பாக்க இல்லியேன்னு. நேத்து அங்கன்வாடி விட்டு வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சாச்சு.”

சுயம்புவுக்கு இன்னும் புரியவில்லை. “வாறவங்க எல்லாரும் ஒண்ணும் வேண்டாம்னுதானே சொல்லுவாங்க? அதுக்காவ நாம செய்யாம இருக்க முடியுமா? கிணத்துல பாசி கிடந்தா டீச்சர் என்ன நெனப்பாவ?”

உங்களுக்கு இது விளங்குகிறதா? நம்மூர் விருந்தாளி “ஒண்ணும் வேண்டாம்” என்றால், இலையில் பாயசம் இரண்டாவது தரம் விழும் என்று பொருள். சாந்தா ஆராய்ச்சிக்காகச் சொன்னாள், அவர் மரியாதைக்காகச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் வந்தால் எப்படிக் கிணறு இறைப்பாரோ, அப்படி இறைத்து வைத்திருந்தார். இதற்கு யாரைத் திட்ட?

சாந்தா துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள். “எங்க லேப்ல ஜீன் மிச்சம் மீதி இருக்கக் கூடாதுன்னா மேசைய எதால துடைப்போம் தெரியுமாங்க? இதே மருந்தாலதான். கிணத்துல செத்த மீன் மிதந்தாலும் எனக்கு இனி பிரயோஜனம் இல்லை” என்று என்னிடம் சொன்னாள். அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் சுயம்புவுக்கு விஷயம் இறங்கியது. முகம் வெளிறிவிட்டது. “அதுக்குக் கேடு செய்யணும்னு இல்ல டீச்சரே. பழகிக்கிடாதா? இருட்டுக்குப் பழகினதுதானே?”

“லட்சக்கணக்கான வருஷம் குடுத்து இருட்டு அதைப் பழக்குச்சு, சுயம்பு. நீங்க ஒரு சாயங்காலம்கூடக் குடுக்கலையே” என்றாள் சாந்தா.

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கடைக்குப் போகிறார் என்று நினைத்தேன். கடைக்குப் போன் செய்து இன்று திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேற்று கிணற்றில் இறங்கி வேலை பார்த்த செல்லையனைக் கூட்டிவரப் போனார். சாந்தா அதற்குள் தங்கத்திடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் என்ன செய்தார்கள், அப்புறம் என்ன, பவுடர் எப்போது?

செல்லையன் வந்ததும் அதே கேள்வி. ஐம்பது வயது, கிணறு வெட்டுவதும் இறைப்பதுமே தொழில். நிதானமாக விரலை மடக்கிச் சொன்னார். “காலத்த வெள்ளம் இறைச்சோம். உச்சைக்குத் தூரு வாரினோம். பொறவு சொவரு சொரண்டினது. பவுடரு வைட்டுதான் போட்டது டீச்சரே, அஞ்சு மணி இருக்கும்.”

“வாரின சேறு எங்க?”

“வாழ மூட்டுல தட்டிப் போட்டேன். நல்ல ஒரமாக்கும்.”

சாந்தா எழுந்துவிட்டாள். சேறு பவுடருக்கு முன்னால் வெளியே வந்தது. மருந்து படாத சேறு. இந்த வகைக் கிணற்று மீன்களில் விலாங்கு போலிருக்கும் சில, காற்றையே சுவாசித்துக்கொண்டு ஈரச் சேற்றில் ஒரு நாள் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். படத்தில் இருந்தது அந்த மாதிரிதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாழைத்தோட்டத்துக்கு அவள் நடந்த வேகத்தில் நான் பின்தங்கிவிட்டேன்.

செந்துளுவன் வாழை, இருபத்திரண்டு மூடு, அதாவது மரம். ஒவ்வொரு மூட்டிலும் கறுப்பாகச் சேறு. மேலே வெயிலில் காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே ஈரம் இருந்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சல்லடையில் போட்டு அலசினோம். சாந்தா, தங்கம், செல்லையன், நான். சுயம்பு சல்லடையைத் தொடக் கை நீட்டியபோது தங்கம், “நீங்க ஒண்ணையும் தொடாண்டாம், வெள்ளம் கோருங்க போதும்” என்றுவிட்டார். மனிதர் அதையே ஓடி ஓடிச் செய்தார். நல்ல வேட்டி முழுக்கச் சேறு.

10.20-க்கு ஆரம்பித்தது. ஒரு மணிக்குப் பதினோரு மூடு முடிந்தது. கிடைத்தவை: நத்தை, நண்டுக்குஞ்சு, ஒரு ஸ்பூன், தங்கம் ஆறு வருஷத்துக்கு முன்னால் தொலைத்த கம்மலின் திருகு. கம்மல் இல்லை, திருகு மட்டும்.

சாப்பாடு. மரச்சீனிக் கிழங்கும் நெத்திலி மீன்குழம்பும், தேங்காய் அரைத்த அவியல், தீயல். காலையில் பாதிப் புட்டை விட்டவள் மூன்று தரம் குழம்பு வாங்கினாள். மீன் உயிரோடு இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து சேற்றில் கிடக்கும் பேராசிரியை, மீன் தலையை உறிஞ்சுவதைப் பார்த்து நான் சிரித்தேன். “இது கண்ணுள்ள மீன்” என்றாள். அந்த வீட்டில் அன்று முதல் சிரிப்பு அதுதான். சுயம்பு மட்டும் சாப்பிடவில்லை. இலையைப் போடவே விடவில்லை.

மூன்றே முக்காலுக்கு இருபத்திரண்டாவது மூடும் முடிந்தது. ஒன்றும் இல்லை. என் இடுப்பு போய்விட்டது. சாந்தா சல்லடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “பரவாயில்லைம்மா, நிறைய கஷ்டப்பட்டுட்டீங்க” என்று தங்கத்திடம் சொன்னாள். அவள் பரவாயில்லை என்று சொல்லும்போது எவ்வளவு பரவாயில்லாமல் இருக்கும் என்பது முப்பத்து மூன்று வருஷம் கூட இருந்த எனக்குத் தெரியும். அவளுக்கு இனி ஒன்றரை மாதம்தான். “டீ குடிப்போமா?” என்றேன்.

செல்லையன் வீட்டுக்குக் கிளம்பினார். முந்தின நாள் சேறு சுமந்த ஓலைக் கடவம், பனையோலையில் பின்னிய பெரிய கூடை, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நிழலில் கவிழ்ந்து கிடந்தது. காலையிலிருந்து நாங்கள் உட்கார்ந்தும் எழுந்தும் திரிந்த அதே கல். கழுவி எடுத்துக்கொண்டு போகலாம் என்று அதைத் தூக்கித் தண்ணீர் ஊற்றினார். அடியில் ஒட்டியிருந்த சேறு கரைந்தது.

“எந்தம்மோ” என்றார். “டீச்சரே, இது அனங்குது.”

அசைகிறது என்கிறார். பின்னலின் இடுக்கில் ஊதுவத்தித் தடிமனில் சிவப்பாக ஒன்று நெளிந்தது. சாந்தா ஓடவில்லை. மெதுவாகப் போய், முட்டி போட்டு, ஈரக் கையைக் கூடைக்கு அடியில் வைத்தாள். அது தானாக வழுக்கி அவள் உள்ளங்கைக்கு வந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி அவள் விரலை மோந்து பார்த்தது. “வந்துட்டியா?” என்றாள். என் கண் கலங்கிவிட்டது, எழுதுவதில் என்ன வெட்கம்?

மண்சட்டியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் ஊற்றி விட்டோம். சாந்தா அளந்தாள், பதினோரு சென்டிமீட்டர். படம் எடுத்தாள். வால் நுனியில் அரிசி முனை அளவு வெட்டி, ஸ்பிரிட் குப்பிக்குள் போட்டு மூடி, மூடியில் தேதி எழுதினாள். எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம். சுயம்பு தூரத்தில் வாழைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி அத எங்க விடுவிய?” என்று அங்கிருந்தே கேட்டார்.

அதுதான் சிக்கல். அதன் கிணறு மருந்தாகக் கிடந்தது. பக்கத்துக் கிணற்றில் விட சாந்தாவுக்கு மனம் இல்லை. அந்தக் கிணற்று ஊற்று இதே பாறைதானா என்று தெரியாது, தெரியாத தண்ணீரில் தள்ளிவிட்டுப் போக முடியாது என்றாள்.

“அப்போ கிணத்த மறுபடி இறைப்போம்” என்றார் சுயம்பு. “நாளைக்கு. பவுடரு ஒரு பொட்டு இல்லாம.”

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மோட்டார். இந்தத் தடவை சாந்தா சொன்னபடிதான் எல்லாம். இறைத்த தண்ணீரை வாழைக்கு விடாமல், முற்றத்தில் பாத்தி கட்டி வெயிலில் நிறுத்தினார்கள், வெயிலில் மருந்தின் காட்டம் போய்விடுமாம். சுவரைச் சுற்றிக் கழுவி அதையும் இறைத்தார்கள். சுயம்பு புதுசாய் அடித்த சுண்ணாம்பைக்கூட உள்விளிம்பில் தானே சொரண்டி எடுத்தார். யாரும் சொல்லவில்லை. ஊற்று வெளியிலிருந்து உள்ளே வந்துகொண்டே இருந்ததால் மருந்து பாறைக்குள் அதிகம் போயிருக்காது என்று சாந்தா நம்பினாள். உறுதியாகத் தெரியாது. மற்ற மீன்கள் என்ன ஆயின என்பதும் தெரியாது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கிணற்றில் ஓர் ஆள் உயரம் தண்ணீர் ஊறியிருந்தது. சாந்தா, மருந்து இருந்தால் நிறம் மாறும் காகிதத்தை மூன்று முறை நனைத்துப் பார்த்தாள். மாறவில்லை. நீல வாளியில் மீனை விட்டு, கயிற்றைத் தங்கம் இறக்கினார். வாளி சாய்ந்தது. சிவப்புக் கோடு கீழே போய், வெட்டுக்கல்லின் ஓர் ஓட்டையைத் தலையால் தடவிக் கண்டுபிடித்து, உள்ளே போய்விட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

இனி உங்களுக்கு வேண்டிய விவரங்கள். போகவர பெட்ரோல் 1,650 ரூபாய், சுங்கம் தனி. மார்த்தாண்டத்தில் லாட்ஜ், ஏசி இல்லாத இருவர் அறை, ஓர் இரவுக்கு 1,200. நாங்கள் இரண்டு இரவு இருந்தோம், சுத்தமாக இருந்தது, கொசுவுக்கு ஏற்பாடு நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும். பஸ்சில் வருவதானால் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வடசேரி, அங்கிருந்து மார்த்தாண்டம். காத்திருக்கவே வேண்டாம், அவ்வளவு பஸ். திரும்பும்போது மட்டிப்பழம் வாங்குங்கள், ஆனால் அன்றைக்குச் சாப்பிடுகிற அளவு மட்டும். மூன்றாம் நாள் கறுத்துவிடும்.

ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அபூர்வ மீன் என்றால் கண்ணாடித் தொட்டிக்குப் பிடித்துப்போக ஆள் வந்துவிடும். அதைப் பார்க்க நீங்கள் போகவும் வேண்டாம். உங்கள் வீடு வெட்டுக்கல் பூமியில் இருந்தால், உங்கள் கிணற்றையே பாருங்கள். இறைக்க வேண்டி வந்தால் இறையுங்கள், சுத்தமான தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வாரிப் போடுகிற சேற்றை ஒரு தடவை கையால் அளைந்து பாருங்கள், கூடையையும் கழுவிப் பாருங்கள். சிவப்பாக ஏதாவது நெளிந்தால் ஈரத்தில் வையுங்கள், படம் எடுங்கள், அருகில் உள்ள கல்லூரியில் விலங்கியல் படித்த யாரிடமாவது காட்டுங்கள். பாறைக்கு அடியில் இருட்டுக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள அவற்றுக்கு நிறைய காலம் கிடைத்தது. நமக்கு ஏற்றபடி மாற அவ்வளவு காலம் நாம் கொடுக்கப் போவதில்லை, அதனால் மாற வேண்டியது நாம்தான்.

மே மாதக் கடைசி வேலைநாளில் சாந்தாவுக்குக் கல்லூரியில் பிரிவுபசார விழா. மாலை, பொன்னாடை, ஒரே மாதிரியான ஆறு பேச்சு. நான்காவது பேச்சின்போது வாசலில் சுயம்புவும் தங்கமும் நின்றார்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். நான் கூப்பிட்டு நாற்காலி போட்டேன். தங்கம் உட்கார்ந்தார், சுயம்பு உட்காரவில்லை. கையில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை வைத்துக்கொண்டு சுவரோரமாகவே நின்றார்.

விழா முடிந்ததும் சாந்தா நேராக அவர்களிடம் வந்தாள். முடிவு முந்தின வாரம்தான் வந்திருந்தது. “உங்க மீனோட ஜீனைப் பார்த்தாச்சு. கேரளத்து மீன்ல உடைஞ்சிருக்கிற அதே ஜீன்தான், ஆனா வேற இடத்துல உடைஞ்சிருக்கு. உங்க தண்ணிக்குள்ள அது தானாகவே கண்ணை விட்டிருக்கும்னு தோணுது. இன்னும் ரெண்டு மூணு கிடைச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். எனக்குப் பிறகு வர்ற பொண்ணு பார்ப்பா, அவகிட்ட உங்க நம்பரைக் குடுத்திருக்கேன்.”

“எங்க கிணத்துக்குள்ளதுதானா?” என்றார் தங்கம்.

“உங்க கிணத்துக்குள்ளதுதான்.”

சுயம்பு கேனை நீட்டினார். “அதே வெள்ளமாக்கும், டீச்சரே. பொறவு ஒண்ணும் போடல. மணத்துப் பாருங்க.”

சாந்தா மேசையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து ஊற்றினாள். மோந்து பார்க்கவில்லை. மாலையோடு நின்றபடி முழுவதையும் குடித்தாள். பிறகு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, “ஒண்ணும் இல்லை” என்றாள்.

சுயம்பு அப்போதுதான் உட்கார்ந்தார்.